டை: மரை போடுவதும் லக் அடிப்பதும் எப்படி நடக்கிறது

உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் எஃகுக் கருவியான டை விஷயத்தில் குழப்பம் கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "அரை இஞ்ச் டை கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய், அது பைப்புக்கான டை என்று தெரியாமல் அரை இஞ்ச் ராடில் மாட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடும். ஒயர் முனையில் மாட்டும் லக் என்ற உலோகத் துண்டை அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல் எதற்கு, கட்டிங் பிளேயரால் நன்றாக அமுக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் இதைவிட அதிகம். முதல் ஆளுக்கு ஒரு நடை வீண், அவ்வளவுதான். இரண்டாவது ஆளின் வேலை அன்றைக்கு நன்றாகவே ஓடும். லைட் எரியும், மோட்டார் சுற்றும், சில மாதம் கழித்து ஒரு வெயில் நாளில் லக் கருகி, ஒயரின் மேல்தோல் உருகி வாடை வரும்போதுதான் அன்று அமுக்கிய அமுக்கல் சரியில்லை என்று தெரியவரும்.

இந்தக் கட்டுரை, டையை இதுவரை கையில் எடுக்காதவர்களுக்காக. மரை போடும் டை, லக் அடிக்கும் டை, ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்) அழுத்தும் டை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க முடியும். அந்த நூல் கைக்கு வந்துவிட்டால் எந்த டை எதற்கு என்பது மனப்பாடம் செய்யும் விஷயமாக இருக்காது.

அடுப்படியில் இருக்கும் இரண்டு கருவிகள்

தேங்காய்த் துருவியையும் கொழுக்கட்டை அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துருவி தேங்காயைச் சீவி எடுக்கிறது. வேலை முடியும்போது மூடியில் இருந்த தேங்காய் குறைந்திருக்கும். அச்சில் மாவு குறைவதில்லை. வைத்த மாவு அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது, இடம் மட்டும் மாறி அச்சின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. மாவு அதிகமானால் ஓரத்தில் பிதுங்கும், குறைந்தால் மூலை நிரம்பாது.

டை என்பதும் இந்த இரண்டில் ஒன்றுதான். வேண்டிய வடிவத்தைத் தன்மேல் தாங்கியிருக்கும், வேலை செய்யப்படும் உலோகத்தைவிடக் கடினமான ஒரு எஃகுத் துண்டு அது. அந்த வடிவத்தை எதிரில் உள்ள உலோகத்துக்கு அது சீவிக் கொடுக்கலாம், அல்லது அழுத்திக் கொடுக்கலாம். கையால் மரை போடும் டை சீவுகிற ரகம். லக் டை, ஹோஸ் டை அழுத்துகிற ரகம். மரையையே சீவாமல் அழுத்தி உருவாக்கும் டையும் உண்டு, தொழிற்சாலை போல்ட்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் பிறக்கின்றன. அதுதான் இரண்டு ரகத்துக்கும் நடுவில் இருக்கும் பாலம் என்பதால் அதையும் பார்ப்போம்.

முதலில் மரை

போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் அந்த மேடு பள்ளம்தான் மரை. ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த மேட்டின் உச்சி வரை உள்ள தூரம் பிட்ச். நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது எவ்வளவு முன்னே போகிறதோ அதுவும் இதே தூரம்தான். எம்10 போல்ட் என்றால் வெளிவிட்டம் 10 மி.மீ.; அதன் வழக்கமான பிட்ச் 1.5. எம்8-க்கு 1.25, எம்6-க்கு 1. வண்டிகளில் எம்10-க்கே 1.25 பிட்ச்சும் வரும், அதனால் விட்டத்தை மட்டும் சொல்லி டை கேட்பது பாதி முகவரி கொடுப்பதற்குச் சமம்.

மூன்றாவதாக ஒரு விஷயம், பலரும் விட்டுவிடுவது: மரையின் கோணம். பள்ளத்தின் இரண்டு சரிவுகளும் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பது. மெட்ரிக் மரையில் 60 டிகிரி. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையில் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரியைக் கொண்டுவந்தார். இந்த ஐந்து டிகிரிச் சண்டை இன்னும் நம் பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரை இஞ்ச் விட்வொர்த் போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்க வழக்கப்படியான அரை இஞ்ச் போல்ட்டில் 13. நட்டு ஒரு சுற்று இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகி நிற்கும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் இரண்டு மரையும் போய்விடும்.

ஆக, மரைக்கு விட்டம், பிட்ச், கோணம் என மூன்று அடையாளம். பழைய போல்ட்டைப் பார்த்து டை எடுக்க வேண்டுமென்றால் வெர்னியர் அளவுகோலால் விட்டத்தையும் பிட்ச் கேஜால் பிட்ச்சையும் பாருங்கள். பிட்ச் கேஜ் என்பது பல் வெட்டிய மெல்லிய தகடுகளின் கொத்து. சரியான தகடு மரையில் படிந்தால் நடுவில் வெளிச்சம் தெரியாது. கோணத்தையும் அதே தகடு காட்டிக்கொடுத்துவிடும்.

சீவும் டை

கையால் மரை போடும் டைகளில் நிறையப் புழங்குவது வட்ட டை. காசு மாதிரி தட்டையாக, நடுவில் மரை வெட்டிய துளை, அதைச் சுற்றி மூன்று நான்கு ஓட்டைகள். அந்த ஓட்டைகள் அழகுக்கு இல்லை. மரைப் பற்களுக்கு வெட்டும் முனை கிடைப்பதே அந்த ஓட்டைகளால்தான், சீவிய உலோகம் வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். பக்கவாட்டில் ஒரு பிளவு இருந்தால் அது ஸ்பிளிட் டை. டையைப் பிடிக்கும் நீண்ட கைப்பிடிக்கு டை ஸ்டாக் என்று பெயர், அதில் வழக்கமாக மூன்று திருகுகள் இருக்கும். நடுத் திருகு பிளவுக்குள் இறங்கி டையை விரிக்கும். பக்கத்துத் திருகுகள் இரண்டும் டையைச் சுருக்கும். முதல் ஓட்டத்தை விரித்து வைத்துப் போட்டு, நட்டைப் போட்டுப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் சுருக்கி மறுபடி ஓட்டலாம். இந்த வசதிக்காகவே ஸ்பிளிட் டை வாங்கச் சொல்வேன்.

நட்டு மாதிரி ஆறு பட்டையாக இருக்கும் டை நட் வேறு சாமான். அதைப் புது மரை போட வாங்குகிறவர்கள் உண்டு, அது அதற்கானது இல்லை. அடிபட்ட மரையை, துருவேறிய மரையை, பெயிண்ட் அடைத்த மரையைச் சரிசெய்யத்தான் அது. விரிக்கவோ சுருக்கவோ முடியாது, ஆனால் கைப்பிடி நுழையாத இடத்தில் சாதாரண ஸ்பேனரால் சுற்றலாம். வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு ஒரு ஸ்டட்டின் (தலையில்லாத போல்ட்டின்) மரையைச் சீர்செய்யும்போது அதன் அருமை தெரியும்.

எம்10 மரை ஒன்றைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ராடின் விட்டம் சரியாக 10 இருக்கக் கூடாது, 9.85 போல் இருந்தால் நல்லது. ஏன் என்றால், டை சீவும்போதே கொஞ்சம் உலோகத்தை மேல்நோக்கிப் பிதுக்கவும் செய்கிறது; அந்தப் பிதுக்கத்துக்கு இடம் விடாவிட்டால் டை இறுகி மரை கிழியும். ராடின் முனையை அரத்தால் ராவியோ கிரைண்டரில் பிடித்தோ சாய்வாக்குங்கள். டையின் எந்தப் பக்கம் முதலில் உட்கார வேண்டும் என்றால், பெரும்பாலும் அளவு பொறித்த பக்கம். அங்கேதான் முதல் சில பற்கள் சரிவாக விடப்பட்டிருக்கும், டை தானாக ராடைப் பற்றும்.

ராடை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, டையை மேலே வைத்து, இரண்டு கையாலும் சம அழுத்தம் கொடுத்துச் சுற்றும்போது முதல் இரண்டு சுற்றில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. அங்கே டை கோணலாக உட்கார்ந்துவிட்டால் பிறகு திருத்த முடியாது, மரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வெறும் கீறலாகவும் வரும். பிடித்துக்கொண்ட பிறகு அழுத்தத் தேவையில்லை, அது தானே இறங்கும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது 'டக்' என்று ஒரு சின்ன விடுபடல் கைக்குத் தெரியும், சீவல் முறிகிற உணர்வு அது. இரும்புக்குக் கட்டிங் ஆயில் விடாமல் இறங்க வேண்டாம். பித்தளைக்கு எண்ணெய் பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் தனிக் குணம்: டை வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் உரசிய இடமே கெட்டியாகிவிடும், அதனால் மழுங்கிய டையை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பைப் டை: அரை இஞ்ச் என்பது எங்கே?

அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. ஆனால் அரை இஞ்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டத்தை அளந்தால் சுமார் 21 மி.மீ. வரும். உள்விட்டமும் 12.7 இல்லை, அதைவிட அதிகம். அரை இஞ்ச் என்பது பைப்பின் பெயர், அளவு இல்லை. முன்பு உள்துளையை ஒட்டி வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் அரை இஞ்ச் பைப் டை அரை இஞ்ச் ராடில் லொடலொடக்கிறது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். போல்ட் மரை நேராக இருக்கும். நம் ஊர் ஜிஐ பைப் மரை சரிவாக இருக்கும், ஒவ்வொரு 16 மி.மீ. நீளத்துக்கும் விட்டம் 1 மி.மீ. குறைகிற மாதிரி. இதை டேப்பர் என்பார்கள். சாக்கெட்டுக்குள் பைப்பைச் சுற்றச் சுற்ற இறுகிக்கொண்டே போவது இதனால்தான், மரையே அடைப்பாகவும் வேலை செய்கிறது, மிச்சமிருக்கும் பொடி இடைவெளியைச் சணலோ டெஃப்லான் டேப்போ நிரப்புகிறது. மரை அளவுக்கு மீறி நீளமாகப் போட்டால் இந்த இறுக்கம் தள்ளிப்போகும். அப்புறம் எத்தனை டேப் சுற்றினாலும் சொட்டும். சொட்டும் ஜாயின்ட்டுக்கு டேப்பைக் குறை சொல்வதற்கு முன் மரையின் நீளத்தைப் பார்ப்பது நல்லது.

பைப் டை ஒரே துண்டாக இருப்பதைவிட, ஒரு தலைக்குள் நான்கு பல்துண்டுகள் சொருகியதாக இருப்பதுதான் அதிகம். அந்தத் துண்டுகளுக்குச் சேஸர் என்று பெயர். ஒவ்வொன்றிலும் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், தலையின் பள்ளங்களிலும் அதே எண். காரணம் எளிது: மரை சுற்றிக்கொண்டே முன்னே நகர்கிறது, கால் சுற்றில் கால் பிட்ச் நகர்ந்திருக்கும், அந்தக் கால் பிட்ச் நகர்வு அடுத்த சேஸரின் பல்லில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. சுத்தம் செய்யக் கழற்றிவிட்டு இரண்டையும் மூன்றையும் மாற்றிப் போட்டால் ஒரு சேஸர் வெட்டிய பள்ளத்தை அடுத்த சேஸர் அழிக்கும், மரைக்குப் பதில் தூள்தான் வரும்.

நம் பைப் மரை பிரிட்டிஷ் வழி, 55 டிகிரி. அமெரிக்க பைப் மரையான என்பிடி 60 டிகிரி. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்கு 14 மரை என்பதால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். ஏறுவதால்தான் ஆபத்து, சரிவுகள் ஒட்டாமல் நடுவில் சுருள் வழி ஒன்று திறந்தே இருக்கும். இறக்குமதி இயந்திரத்தின் ஃபிட்டிங்கில் தீராத கசிவு என்றால் முதல் சந்தேகம் இங்கே இருக்கட்டும். அப்புறம், ஜிஐ பைப்பில் மரை போடும்போது மேலே பூசிய துத்தநாகமும் சீவப்பட்டுப் போகிறது. பழைய பைப் எப்போதும் மரை இருக்கும் இடத்தில் முதலில் துருப்பிடிப்பது அதனால்தான்.

சுருக்கமாக: சீவும் டையில் உலோகம் வெளியேறும், அதனால் கூரான முனை, எண்ணெய், சீவல் போக வழி மூன்றும் வேண்டும். போல்ட் டை நேர் மரை, பைப் டை சரிவு மரை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

அழுத்தி உருவாகும் மரை

கடையில் வாங்கிய போல்ட்டில் சில சமயம் ஒரு விசித்திரம் தெரியும்: மரை இல்லாத வெறும் தண்டுப் பகுதி, மரைப் பகுதியைவிட ஒல்லியாக இருக்கும். சீவி மரை போட்டால் இது நடக்கவே முடியாது, சீவினால் தடிமன் குறையத்தானே வேண்டும்? அந்த போல்ட்டின் மரை உருட்டப்பட்டது.

மரை உருட்டும் டையில் எளிய வகை, இரண்டு தட்டைக் கட்டிகள். இரண்டின் முகத்திலும் சாய்ந்த வரிப்பள்ளங்கள். ஒன்று அசையாமல் நிற்க, மற்றது அதை ஒட்டி நகர, நடுவில் மாட்டிய ராடு உருண்டு மறுமுனையில் போல்ட்டாக விழுகிறது. டையின் மேடு உலோகத்துக்குள் இறங்கிப் பள்ளம் போடுகிறது, அங்கிருந்து விலகிய உலோகம் பக்கத்தில் மேடாக எழுகிறது. சீவலே கிடையாது. எம்10-க்கு ராடு 10 மி.மீ. வேண்டாம், ஏறக்குறைய 9 மி.மீ. போதும், எழும் மேடுதான் 10-ஐத் தொடும். ராடு அந்த அளவைவிடக் கொஞ்சம் தடித்தாலும் பிரச்சினை, உலோகம் போக இடம் இல்லாமல் டையின் பல் உடையும். உருளை வடிவ டைகள் இரண்டுக்கு நடுவே ராடை வைத்து உருட்டுவதும் உண்டு. நீளமான ஸ்டட்டுக்கு அது வசதி. சின்ன ஸ்குரூக்களை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் தள்ள முடிவது இந்த முறையால்தான்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பலம். உலோகத்துக்குள் நார் மாதிரி ஓடும் வரிகளைச் சீவும் டை அறுத்துவிடுகிறது, உருட்டும் டை வளைத்துக்கொண்டு போகிறது. கூடவே மரையின் அடிப்பள்ளம் அழுத்தப்பட்டு இறுகி வழவழப்பாகிறது. போல்ட்டில் விரிசல் ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த அடிப்பள்ளத்தில் என்பதால், திரும்பத் திரும்ப அதிர்வு வாங்கும் இடங்களில் உருட்டிய மரை அதிக நாள் தாங்கும். ஆனால் வளையும் குணமுள்ள உலோகமாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பை உருட்டினால் நொறுங்கும்.

கிரிம்பிங்: அழுத்தத்தால் ஒட்டுவது

உலோகம் வெளியேறாமல் இடம் மாறுகிறது என்ற இந்த எண்ணத்தை அப்படியே லக்குக்குக் கொண்டுவந்தால் கிரிம்பிங் புரிந்துவிடும். லக் என்பது ஒரு முனையில் போல்ட் துளையும் மறுமுனையில் குழலும் உள்ள செம்பு அல்லது அலுமினியத் துண்டு. குழலுக்குள் ஒயரை விட்டு, டையின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் வைத்து, குழலும் ஒயர் இழைகளும் சேர்ந்து நிரந்தரமாக உருமாறும் வரை அழுத்துவதுதான் கிரிம்பிங். பிடித்துக்கொள்வது மட்டும் இல்லை அதன் வேலை. இரண்டு உலோகப் பரப்புகள் பார்வைக்கு ஒட்டியிருந்தாலும் உண்மையில் நுண்ணிய மேடுகள் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும், மேலே ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் வேறு. டை போதுமான அழுத்தம் கொடுக்கும்போது மேடுகள் நசுங்கிப் பரவுகின்றன, படலம் உடைகிறது, சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொடுகிறது. இழைகளுக்கு நடுவே காற்றுகூடப் புகாத நிலை அது. சரியாக அடித்த லக்கைக் குறுக்கே அறுத்து மெருகேற்றிப் பார்த்தால், உருண்டையாக இருந்த இழைகள் பட்டை பட்டையாக மாறி ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அடைந்திருக்கும்.

பிளேயரால் அமுக்கியதை அறுத்துப் பார்த்தால் நடுவில் கருப்பாக இடைவெளிகள் தெரியும். அங்கே காற்று போகும், ஈரம் போகும், ஆக்ஸைடு வளரும், தடை ஏறும். எவ்வளவு தடை ஏறினால் சூடாகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 100 ஆம்பியர் ஓடும் ஒரு லக்கில் இணைப்பின் தடை 0.05 மில்லி ஓம் என்றால் அங்கே உண்டாகும் வெப்பம் அரை வாட். தடை 1 மில்லி ஓம் ஆனால் 10 வாட். மீட்டரில் பிடிபடாத அளவு சின்ன மாற்றம்தான், ஆனால் விரல் அளவு லக்குக்குள் 10 வாட் இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும். சூட்டில் தடை இன்னும் ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும்.

இந்த முறை பரவலானதற்கு விமானங்களும் கப்பல்களும் ஒரு காரணம். 1941-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஈயப் பற்று இல்லாமல் அழுத்தியே இணைக்கும் டெர்மினல்களை அவற்றுக்குச் செய்து கொடுத்தது. பற்றவைப்பவரின் கைத்திறமையை நம்பி இருக்க வேண்டாம், டை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் மூடும் என்பதுதான் அதில் இருந்த கவர்ச்சி. இதில் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்: கூடுதல் பாதுகாப்பு என்று ஒயர் முனையில் ஈயம் பூசிவிட்டு லக் அடிப்பது. ஈயம் அழுத்தத்தின் கீழ் மெல்ல மெல்ல நகரக்கூடியது, சில மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும். அடிக்கும் லக்குக்குள் ஈயம் வேண்டாம்.

எந்த ஒயருக்கு எந்த டை

பெரிய கேபிள் லக்குக்கு ஆறு பட்டை டை, அதாவது ஹெக்ஸ் டை. ஆறு பக்கமும் சமமாக அழுத்துவதால் கேபிள் நடுவிலேயே நிற்கும். ஒரு பக்கம் முளை வைத்து ஆழமாகக் குத்தும் டைக்கு இன்டென்ட் டை என்று பெயர். அலுமினியத்தின் பிடிவாதமான ஆக்ஸைடு படலத்தை உடைக்க ஆழமான குத்து உதவும் என்பதால் அலுமினியக் கேபிளில் இதைப் பார்க்கலாம். சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் போட்ட சின்ன லக்குகளுக்கு நீள்வட்ட டை, பிளாஸ்டிக் கிழியாமல் அமுக்குவதற்கு. நிறம் ஒயரின் குறுக்குவெட்டு அளவைச் சொல்கிறது: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ., நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6. டூலின் வாயிலும் அதே நிறப் பொட்டு இருக்கும். வண்டி ஒயரிங்கில் வரும் திறந்த டெர்மினலுக்கு இரண்டு ஜோடி இறக்கைகள், ஒன்று செம்பைப் பிடிக்க, மற்றது ஒயரின் மேல்தோலைப் பிடிக்க. அதன் டை இறக்கைகளை உள்பக்கமாகச் சுருட்டி இழைகளுக்குள் இறக்கும். பேனல் போர்டில் இழை ஒயருக்குப் போடும் மெல்லிய குழாய் ஃபெரூல், அதன் டை சதுரமாகவோ சரிவகமாகவோ இருக்கும்.

சோலார் பேனல் ஒயருக்கான எம்சி4 கனெக்டரின் பின்னுக்குத் தனி டை உண்டு, இதில் சமரசமே கூடாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் தீப்பொறி அணைய ஒரு வாய்ப்பு இருக்கிறது. பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளி கிடையாது, தளர்ந்த இணைப்பில் பொறி கிளம்பினால் வெயில் இருக்கும் வரை எரியலாம். மொட்டைமாடியில் பேனல் போட வருபவரின் பையில் அந்த டூல் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

பெரிய லக்குக்கு வருவோம், தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். டையில் 50, 70, 95 என்று கேபிளின் சதுர மி.மீ. பொறித்திருக்கும், கேபிளும் 95, டையும் 95, சரிதானே என்று அடித்துவிடுகிறோம். ஆனால் டை தொடுவது கேபிளை இல்லை, லக்கின் குழலை. ஒரே 95 கேபிளுக்கு மெல்லிய சுவருள்ள லக்கும் உண்டு, தடித்த சுவருள்ள லக்கும் உண்டு. ஜெர்மன் தரமான டின் 46235-இன்படி செய்த செம்பு லக்குகளில் டைக்கென்று தனி எண்ணையே பொறித்திருப்பார்கள்: 50-க்கு 14, 70-க்கு 16, 95-க்கு 18. லக்கில் 18 என்று இருந்தால் டையிலும் 18 இருக்க வேண்டும். அப்படி எண் இல்லாத லக் என்றால் லக் தயாரிப்பாளரின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

பொருந்தாத டையை லக்கே காட்டிக்கொடுக்கும். டை சிறியதாக இருந்தால் இரு பாதிகளும் சேரும் கோட்டில் உலோகம் பிதுங்கி இரண்டு பக்கமும் கூரான இறக்கை நிற்கும். அதை அரத்தால் ராவிவிட்டு டேப் சுற்றுபவர்களைப் பார்க்கலாம். ராவினால் அடையாளம் போகும், தவறு போகாது, குழலின் சுவர் மெலிந்திருப்பது அப்படியேதான் இருக்கும். டை பெரியதாக இருந்தால் வெளியே பட்டைகள் அழகாகத் தெரியும், உள்ளே இழைகள் நகர்ந்திருக்காது, பலமாக இழுத்தால் கேபிள் கையோடு வந்துவிடும். டை எண் உலோகத்தில் தெளிவாகப் பதிந்து, பட்டைகள் கூர்மையாக, இறக்கை இல்லாமல் வந்தால் சரியான ஜோடி என்று நம்பலாம்.

அடிக்கும் முன் மேல்தோலைச் சீவும்போது இழை ஒன்றுகூட அறுபடக் கூடாது, கேபிள் குழலின் அடி வரை போக வேண்டும், நீளமான குழலில் ஒன்றுக்கு மேல் அடி தேவைப்பட்டால் போல்ட் துளைப் பக்கமிருந்து தொடங்கி கேபிள் பக்கமாக வர வேண்டும். அலுமினியக் கேபிளைச் செம்புத் தகட்டில் கட்ட வேண்டுமென்றால் சாதாரண லக் ஆகாது. ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கு நடுவில் அரிப்பு ஆரம்பித்து அலுமினியம் கரையும். பாதி செம்பு பாதி அலுமினியமாக வரும் பைமெட்டல் லக்தான் அதற்கு.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: கிரிம்பிங் டை உலோகத்தை எடுப்பதில்லை, இடைவெளியை மட்டும் எடுக்கிறது. டையைத் தேர்ந்தெடுப்பது லக்கைப் பார்த்து, கேபிளை மட்டும் பார்த்து இல்லை.

ஹைட்ராலிக் ஹோஸ் டை

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டிகள் அதிகம். அப்படி வண்டிகள் கூடும் இடங்களில் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடையும் இருக்கும். ஜேசிபி ஓட்டுபவர்களுக்கும் அந்தக் கடை நன்றாகத் தெரியும். ஹோஸின் உள்ளே ரப்பர், அதன்மேல் பின்னிய எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு ரப்பர். முனையில் நிப்பிள் என்ற உலோகக் குழல் உள்ளே போகும், வெளியே ஒரு எஃகு வளையம், அதற்கும் ஃபெரூல் என்றுதான் பெயர். வளையத்தைச் சுற்றிலும் எட்டுத் துண்டு டை ஒரே நேரத்தில் நடுவை நோக்கி நகர்ந்து அழுத்தும். இரண்டே பாதியால் அழுத்தினால் வட்டம் முட்டையாகிவிடும் என்பதால்தான் எட்டு.

அரை இஞ்ச், இரண்டு அடுக்குக் கம்பி போட்ட ஹோஸ் வழக்கமாகத் தாங்க வேண்டிய அழுத்தம் 275 பார். கார் டயரின் அழுத்தம் இரண்டு மூன்று பார்தான். இங்கே அழுத்திய பிறகு வளையத்தின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, ஹோஸ் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், அரை மி.மீ. பெரிதாக நின்றால் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு வரும், அரை மி.மீ. அதிகமாக இறங்கினால் கம்பி அறுந்து நிப்பிள் உள்ளே சுருங்கும். நல்ல கடையில் அளவு பார்க்காமல் ஹோஸைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து இந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அப்படி நடந்தால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், விரலே போகக்கூடிய காயம் அது. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

டை தேய்ந்தது எப்படித் தெரியும்

மரை டை மழுங்கினால் முதலில் கைக்குத் தெரியும், வழக்கத்தைவிடப் பலம் கேட்கும். மரையின் சரிவு பளபளப்பாக இல்லாமல் சொரசொரவென்று கிழிந்த மாதிரி வரும். நிறைய எண்ணிக்கையில் போடுகிறவர்கள் வளைய கேஜ் இரண்டு வைத்துக்கொள்வார்கள்: கோ வளையம் கையால் சுற்றினாலே முழுதாக ஏற வேண்டும், நோ-கோ வளையம் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறக் கூடாது. வீட்டுக்கு ஓரிரண்டு மரை போடுபவருக்கு அது தேவையில்லை, நல்ல புது நட்டு ஒன்றே போதும். எம்6, எம்8, எம்10, எம்12 நான்கும் ஹைஸ்பீட் ஸ்டீலில் வாங்கிக்கொண்டால் பெரும்பாலான வேலை முடியும். நாற்பது துண்டு கொண்ட மலிவுப் பெட்டியைவிட இந்த நான்கு எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

கிரிம்பிங் கைக்கருவி வாங்கினால் ராட்செட் உள்ளதாகப் பாருங்கள். முழுதாக மூடும் வரை அது வாயைத் திறக்காது, பாதி அமுக்கலுக்கே இடம் கொடுக்காது. ஹைட்ராலிக் கருவியில் அதே வேலையை உங்கள் கண்தான் செய்ய வேண்டும்: டையின் இரண்டு பாதிகளும் விளிம்போடு விளிம்பு முட்டும் வரை பம்ப் அடிக்க வேண்டும். முட்டாமல் நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் லக்குக்குப் பொருந்தாத டையா என்று எண்ணைச் சரிபாருங்கள்; எண் சரி என்றால் டைக்கு அடியில் தூசியோ செம்புத் துணுக்கோ சிக்கியிருக்கலாம், அல்லது கருவியில் எண்ணெய் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்துவிட்டு, அந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக்கில் அடியுங்கள், ஒருமுறை பாதி அமுங்கிய குழலை மறுபடி அடித்து நேராக்க முடியாது.